ஷிமானோ டியோர் எம்6100: சனிக்கிழமையைத் தின்னாத கியர் செட்

பிடித்த வேலை அமைந்துவிட்டது. மாலை ஆறு மணிக்கு மேல் ஆபீஸ் ஃபோன் அடிப்பதில்லை. மாடிப்படிக்கு அடியில் ஏழெட்டு வருடமாகத் தூசி படிந்து கிடந்த மலைச் சைக்கிளைத் துடைத்து எடுத்து மறுபடி ரேஸுக்குப் போகலாம் என்று கால் பரபரக்கிறது. அப்படித் திரும்பி வருகிறவருக்கு ஷிமானோவின் டியோர் எம்6100 கியர் செட் எவ்வளவு தூரம் பொருந்தும் என்று பார்ப்போம். முழுநேர வீரருக்கு மெக்கானிக் இருப்பார். வேலைக்குப் போகிறவருக்கு வாரத்தில் ஏழெட்டு மணி நேரம் மிதிக்கக் கிடைத்தாலே பெரிது. அதில் இரண்டு மணி நேரம் கியர் திருகுவதில் போனால் பயிற்சி எங்கே நடக்கும்? ஆகவே எடையும் பளபளப்பும் பிறகு. இந்தச் சாமான் சனிக்கிழமைக் காலையை விட்டுவைக்குமா என்பதுதான் முதல் கேள்வி.

விடையை முன்பே சொல்லிவிடலாம்: விட்டுவைக்கும், சரியாகப் பொருத்தினால். பொருத்துவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

பழைய ஆட்களுக்கு முதலில் ஒரு அறிமுகம். முன்னால் மூன்று பற்சக்கரம், பின்னால் ஒன்பது என்ற காலம் போய்விட்டது. எம்6100-இல் முன்னால் ஒன்று, பின்னால் 12. செயினைச் சக்கரத்துக்குச் சக்கரம் நகர்த்தும் டெரெய்லர் முன்னால் கிடையாது, அதை ஹேண்டிலிலிருந்து இயக்கும் இடக்கை ஷிஃப்டரும் கிடையாது. அந்த இடத்தில் இப்போது சீட்டை ஏற்றி இறக்கும் டிராப்பரின் லீவர் உட்கார்ந்திருக்கிறது. ஷிமானோ இந்த 12 வேகத்தை 2018-இல் தன் உச்ச வரிசையான எக்ஸ்டிஆரில் கொண்டுவந்தது, 2019-இல் அதற்கடுத்த எக்ஸ்டிக்கும் எஸ்எல்எக்ஸுக்கும் இறக்கியது, 2020-இல் டியோருக்குக் கொடுத்தது. உள்ளே வேலை செய்யும் நுட்பம் நான்கிலும் ஒன்றே. விலை ஏற ஏற எடை குறையும், சில சௌகரியங்கள் கூடும்.

பின் சக்கரங்களின் அடுக்கான கேசட்டின் பற்கள் 10, 12, 14, 16, 18, 21, 24, 28, 33, 39, 45, 51. கடைசிச் சக்கரத்தைப் பார்த்து, சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருக்கிறதே என்று சிரிக்காதவர் இல்லை. முதல் ஏற்றம் வந்ததும் சிரிப்பு நின்றுவிடும்.

முன் சக்கரம் 30 பல்லா, 32 பல்லா? கடையில் பெரும்பாலும் 32-ஐத்தான் நீட்டுவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பழைய 26 அங்குலச் சைக்கிளில் மிக இலகுவான கியர் 22-க்கு 34, அதாவது முன்னால் 22 பல், பின்னால் 34. ஒரு முழு மிதிக்கு வண்டி சுமார் 1.34 மீட்டர் நகரும். இன்றைய 29 அங்குல வீலில் 32-க்கு 51 போட்டால் ஒரு மிதிக்கு 1.44 மீட்டர். அதாவது பழைய இலகு கியரைவிடக் கொஞ்சம் கனம். 30-க்கு 51 என்றால் 1.35 மீட்டர், பழையதற்கு அப்படியே சமம். ஏழு வருடம் நாற்காலியில் உட்கார்ந்த காலுக்கு 30-தான் நியாயம். வேகப் பக்கத்தில் என்ன இழப்பு? நிமிடத்துக்கு 90 மிதியில் 32-க்கு 10 ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வேகம் தரும், 30-க்கு 10 சுமார் 37. மண்பாதை ரேஸில் அந்த வேகத்துக்கு மேல் யாரும் மிதிப்பதில்லை. உடம்பை மடக்கிக்கொண்டு உருண்டு போவார்கள். பழைய 44-க்கு 11 கியரில் 45 கிலோமீட்டர் வரை மிதிக்க முடிந்தது உண்மைதான், தார்ச்சாலையில். காலில் பழைய வலு வந்த பிறகு 32-க்கு மாறலாம். சக்கரம் கிராங்கில், அதாவது பெடல் மாட்டும் கையில், நேரடியாக ஏறுவதால், மாற்றும்போது தனி மையத்துண்டு எதுவும் வாங்க வேண்டியதில்லை.

வீல் என்னும் பொறி

வாங்கும் முன் பார்க்க வேண்டிய முதல் இடம் பின் வீலின் நடு. ஹப்பில் கேசட் ஏறும் உருளைக்கு ஃபிரீஹப் என்று பெயர். எம்6100 கேசட் பழைய எச்ஜி வகை ஃபிரீஹப்பில் ஏறாது. 10 பல் சக்கரம் அவ்வளவு சிறியது. பழைய உடல் அதற்குள் நுழையாது. மைக்ரோ ஸ்ப்லைன் என்ற மெல்லிய பள்ளங்கள் நிறைந்த ஃபிரீஹப்தான் வேண்டும். உங்கள் ஹப்புக்கு அந்த உடல் தனியாகக் கிடைத்தால் பிழைத்தீர்கள். கிடைக்காவிட்டால் புது ஹப், அதைக் கோக்கக் கம்பிகள், கோக்கும் கூலி, அல்லது முழு வீலே புதிது. பழைய சட்டத்தில் (ஃபிரேமில்) பின் வீல் மாட்டும் இடம் 135 மி.மீ. அகலம், லீவரால் கழற்றும் குயிக் ரிலீஸ் அச்சு என்றால், அந்த அளவில் மைக்ரோ ஸ்ப்லைன் ஹப் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுவதுதான். இப்போது வருகிற மலைச் சைக்கிள்களில் பெரும்பாலானவை 148 மி.மீ. பூஸ்ட் அச்சு. அந்த வீல் பழைய சட்டத்தில் நுழையவே நுழையாது.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்த இடத்துக்கென்றே சொன்னது போல இருக்கும். 26 அங்குல வீல், குயிக் ரிலீஸ், வி-பிரேக் என்று இருக்கும் சைக்கிளில் எம்6100 போடாதீர்கள். அதற்கு டியோர் எம்5100 இருக்கிறது: 11 வேகம், 11-இலிருந்து 51 பல் வரை, பழைய எச்ஜி ஃபிரீஹப்பிலேயே ஏறும். வீலைத் தொட வேண்டாம். சன்ரேஸ் போன்றவர்கள் எச்ஜியில் ஏறும் 12 வேகக் கேசட்டும் செய்கிறார்கள். ஓடும், ஆனால் மிதித்துக்கொண்டே மாற்றும்போது ஷிமானோ கேசட்டின் வழுக்கல் அதில் கிடைக்காது. எம்6100 உண்மையில் லாபமாவது இரண்டு பேருக்கு: சட்டத்தில் 142 அல்லது 148 மி.மீ. துளையச்சு (சட்டத்தின் துளைகளில் ஊடுருவித் திருகும் அச்சு) உள்ளவருக்கு, அல்லது இந்தச் செட் பொருத்தியே வரும் முழுச் சைக்கிளை வாங்குகிறவருக்கு. இரண்டாமவருக்கு வீல் பற்றிய கவலையே இல்லை.

கிராங்க் வாங்கும்போது இன்னொரு எண்ணையும் பாருங்கள். செயின்லைன், அதாவது சட்டத்தின் நடுக்கோட்டிலிருந்து முன் சக்கரம் நிற்கும் தூரம், எம்6100 கிராங்கில் 52 மி.மீ., எம்6120 கிராங்கில் 55 மி.மீ. பின்னது பூஸ்ட் சட்டத்துக்கு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் கடையிலேயே மாறிப்போகும். மாறிப்போனால் 51 பல்லில் நிற்கும்போது செயின் சாய்வாக ஓடும். பெடலைப் பின்னால் அரைச் சுற்றுச் சுற்றினாலே அடுத்த சிறிய சக்கரத்துக்கு விழும். பலர் இதை டெரெய்லரின் கோளாறு என்று நினைத்துத் திருகாணியைத் திருகித் திருகியே ஓய்ந்துபோகிறார்கள்.

பொருத்தும் வரிசை

முதல் வேலை ஹேங்கர். டெரெய்லர் தொங்கும் அந்தச் சின்ன அலுமினியக் காதை அளவு பார்க்காமல் வேறு எதையும் தொடாதீர்கள். 9 வேகத்தில் சக்கரங்களுக்கு இடையே இடைவெளி அதிகம். ஹேங்கர் லேசாக வளைந்திருந்தாலும் மன்னித்துவிடும். 12 வேகம் மன்னிக்காது. ஹேங்கர் அளவுகோலை மாட்டி வீல் விளிம்பின் மேல், கீழ், முன், பின் நான்கு இடத்திலும் ஒட்டிப் பாருங்கள். 4 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் நிமிர்த்த வேண்டும். புதுச் சைக்கிளிலும் பார்க்க வேண்டும். பெட்டியில் வரும்போதே வளைந்து வருவது சகஜம். "கியர் செட் ஆகவே மாட்டேங்குது" என்று பட்டறைக்கு வரும் வண்டிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

அடுத்து கிராங்க் அச்சைத் தாங்கும் பாட்டம் பிராக்கெட். திருகு வைத்த பழைய சட்டத்துக்கு பிபி-எம்டி501 போதும். அது ஏறும் ஓடு (சட்டத்தின் அடிக்குழாய்) 73 மி.மீ. அகலமென்றால் வலப்பக்கம் ஒரு 2.5 மி.மீ. வளையம், 68 மி.மீ. ஓட்டுக்கு வலம் இரண்டு, இடம் ஒன்று. இதைத் தவறவிட்டால் கிராங்க் ஆடும் அல்லது இறுகும். கிராங்க் ஏற்றியதும் இடப்பக்கத்துப் பிளாஸ்டிக் மூடியைக் கையால் திருகும் அளவுக்கே இறுக்குங்கள், கணக்குக்கு 0.7 முதல் 1.5 நியூட்டன் மீட்டர். பெயரிங்கை உட்கார வைப்பதோடு அதன் வேலை முடிந்தது, பிடித்துக்கொள்வது அதன் வேலையல்ல. பிடிப்பது இரண்டு பக்கவாட்டு போல்ட்கள். 12 முதல் 14 நியூட்டன் மீட்டர், ஒன்றை மாற்றி ஒன்றாக இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். ஒன்றை மட்டும் முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் முதலாவது தளர்ந்துவிடும். ரேஸ் நடுவில் இடக்கிராங்க் கையோடு வரும்.

கேசட்டில் சிறிய சக்கரங்கள் தனியாக வரும். அவற்றை நேராக உட்கார வைத்து, பூட்டு வளையத்தை 40 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். பழைய ஷிமானோ பூட்டுக் கருவியே இதற்கும் பொருந்தும்.

செயினில்தான் பழைய அனுபவம் காலை வாரும். முன்னால் பெரிய சக்கரத்தையும் பின்னால் பெரிய சக்கரத்தையும் சுற்றி, மேலே இரண்டு கண்ணி விட்டு வெட்டு என்ற பழைய பாடத்தை மறந்துவிடுங்கள். ஷிமானோ 12 வேகம் அதைவிட அதிகம் கேட்கும். டெரெய்லர் கையேட்டில் ஹார்ட்டெயிலுக்கும் (முன்னால் மட்டும் ஷாக்) ஃபுல் சஸ்பென்ஷனுக்கும் (பின்னாலும் ஷாக்) தனித்தனி எண் போட்டிருக்கிறார்கள், அதன்படி எண்ணி வெட்டுங்கள். ஒரு கணக்கு: செயின்ஸ்டே (கிராங்க் நடுவிலிருந்து பின் அச்சு வரை) 43.5 செ.மீ., முன்னால் 32, பின்னால் 51 என்றால் டெரெய்லரைத் தவிர்த்து வெறுமனே சுற்றி வரவே ஏறக்குறைய 110 கண்ணி ஆகும். 116 கண்ணிச் செயின் விளிம்பில் நிற்கும்; சட்டம் கொஞ்சம் நீளமென்றால் போதாது. 126 கண்ணிப் பெட்டியாகவே வாங்கி, மிச்சத்தை வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குட்டையாக வெட்டிய செயினை 51-க்கு ஏற்றினால் டெரெய்லர் முன்னால் இழுபட்டு ஹேங்கர் முறியும். ஃபுல் சஸ்பென்ஷனில் இன்னும் மோசம்: சட்டம் அமுங்கும்போது செயின்ஸ்டே நீளும், நின்ற நிலையில் சரியாக இருந்த செயின் குதித்து இறங்கும்போது போதாமல் போகும். செயினில் எழுத்துப் பொறித்த பக்கம் வெளியே பார்க்க வேண்டும். இணைக்கும் குயிக் லிங்க்கை ஒருமுறை கழற்றினால் மறுபடி போடக்கூடாது என்பது ஷிமானோ சொல்வது.

இனி டெரெய்லருக்கும் கேசட்டுக்கும் இடைவெளி வைக்கும் பி-திருகாணி. எம்6100-இன் தலைவிதியை முடிவு செய்வது இதுதான். செயினை 51-இல் நிறுத்தி, டெரெய்லர் கூண்டின் உள்தகட்டில் இருக்கும் கோட்டைப் பாருங்கள். 51 பல்லின் நுனியும் அந்தக் கோடும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். இடைவெளி கூடினால் மாற்றம் சோம்பலாகும், சிறிய சக்கரங்களில் தயங்கும். குறைந்தால் கூண்டின் மேல் உருளை பெரிய சக்கரத்தில் உரசி இரையும். ஸ்டாண்டில் மாட்டிவைத்து இதைச் செய்கிறோமே, அங்கேதான் கோளாறு. ஃபுல் சஸ்பென்ஷன் வண்டி ஸ்டாண்டில் முழுதாக விரிந்து தொங்கும், ஆள் ஏறினால் அமுங்கும். ஆகவே ஒருவர் சீட்டில் உட்கார்ந்து சுவரைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் குனிந்து கோட்டைப் பார்க்க வேண்டும். வீட்டில் யாரையாவது ஐந்து நிமிடம் கெஞ்சிக் கூப்பிடுங்கள். ஸ்டாண்டில் வெண்ணெய் மாதிரி ஓடும், பாதையில் கரகரக்கும் என்ற புகாருக்கு இதுதான் வழக்கமான காரணம்.

எல்லைத் திருகாணிகள் இரண்டையும் கேபிள் மாட்டும் முன்பே வைத்துவிடுங்கள். உள்பக்க எல்லை தளர்ந்திருந்தால் செயின் 51-ஐத் தாண்டிக் கம்பிகளுக்குள் போகும். டெரெய்லர், கம்பி, ஹேங்கர் மூன்றும் ஒரே நொடியில் காலி. கேபிளைப் பிடிக்கும் போல்ட் 6 முதல் 7 நியூட்டன் மீட்டர். டெரெய்லரில் கேபிளை நீட்டும் குமிழ் கிடையாது, ஷிஃப்டரில் மட்டும்தான். அந்தக் குமிழை முழுதாக உள்ளே திருகி ஒரு சுற்று வெளியே எடுத்துவிட்டு கேபிளைக் கட்டினால் இரு பக்கமும் நகர இடம் இருக்கும். அவுட்டர் உறையை வெட்டிய முனை நசுங்கியிருந்தால் ஊசியால் திறந்துவிடுங்கள். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். உறை இழுபட்டால் வளைவில் கியர் தானாக மாறும்.

பாதையில்

இந்தச் செயினுக்கும் கேசட்டுக்கும் ஷிமானோ வைத்த ஹைப்பர்கிளைட் பிளஸ் என்ற பெயர் விளம்பர வாசனை அடிக்கிறது, ஆனால் சொன்னதைச் செய்கிறது. ஏற்றத்தில் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றலாம், இரு திசையிலும். பழைய 9 வேகத்தில் ஓட்டியவர்கள் மாற்றும் நொடியில் காலைத் தளர்த்தப் பழகியிருப்பார்கள். அந்தப் பழக்கத்தை மறக்கவே சில வாரம் ஆகும். செங்குத்தான ஏற்றத்தில் அந்த ஒரு நொடித் தளர்வே பின்வீல் நின்று கால் ஊன்ற வைக்கும் என்பது ரேஸ் ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

குறையும் இருக்கிறது. 28-இலிருந்து 33, அங்கிருந்து 39 என்ற தாவல்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 18 சதவீதம். நீண்ட சீரான ஏற்றத்தில் ஒன்று கனமாகவும் அடுத்தது காற்றில் சுற்றுவது போலவும் இருக்கும். எக்ஸ்டியிலும் எஸ்எல்எக்ஸிலும் கிடைக்கும் 10-45 கேசட் டியோரில் இல்லை. இன்னொன்று, எக்ஸ்டி ஷிஃப்டரில் ஒரே அழுத்தில் இரண்டு சிறிய சக்கரம் இறங்கலாம். டியோரில் ஒரு அழுத்துக்கு ஒன்றுதான். ஏற்றத்தின் உச்சியில் இறக்கத்துக்குள் விழும்போது கட்டைவிரல் டக்டக்கென்று தட்ட வேண்டியிருக்கும்.

எடையைப் பற்றிப் பேசாமல் ரேஸ் ஆட்கள் விடமாட்டார்கள். டியோர் கேசட் சுமார் 593 கிராம், எக்ஸ்டி சுமார் 470. வித்தியாசம் அரை டம்ளர் தண்ணீர். டியோரில் எல்லாச் சக்கரமும் எஃகு, எக்ஸ்டியில் பெரியவை அலுமினியம். திரும்பி வந்த முதல் வருடம் எந்தச் சக்கரத்தில் அதிகம் வாழ்வோம்? 45-இலும் 51-இலும்தான். அங்கே சீக்கிரம் தேயும் அலுமினியத்துக்குக் கூடப் பணம் கொடுப்பானேன்?

டெரெய்லரின் கிளட்ச் பழைய ஆட்களுக்குப் புதிது. செயின் குதிக்காமல் கூண்டை இறுக்கிப் பிடிக்கும் சுவிட்ச் அது. வீலைக் கழற்ற அணைத்துவிட்டு, மாட்டியதும் மறுபடி போட மறந்தால் முதல் கல்லிலேயே செயின் கழலும். தொடக்கக் கோட்டில் நிற்கும்போது விரலால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

மண்ணும் மழையும்

நம் செம்மண் புழுதி எண்ணெயோடு சேர்ந்தால் அரம். ஈர எண்ணெயைத் தாராளமாக ஊற்றிக்கொண்டு கோடையில் ஓட்டினால் செயின் கறுப்புப் பசையாகும். வறண்ட மாதங்களில் உலர் எண்ணெய் (டிரை லூப்) அல்லது மெழுகு. ஒவ்வொரு உருளைக்கும் ஒரு துளி, பத்து நிமிடம் ஊறவிட்டு வெளியே இருப்பதைத் துணியால் முழுக்கத் துடைக்க வேண்டும். வெளியே மினுங்கும் எண்ணெயால் பயன் இல்லை, மண்ணைத்தான் பிடிக்கும். கரிசல் மண்ணில் மழை பெய்தால் எந்தக் கியர் செட்டும் உதவாது, வண்டியைத் தோளில் தூக்க வேண்டியதுதான்.

தேய்மானக் கருவி செயின் 0.5 சதவீதம் நீண்டதாகக் காட்டினாலே 12 வேகச் செயினை மாற்றிவிடுங்கள். பழைய கருவிகளின் 0.75, 1.0 அளவுகளுக்குக் காத்திருந்தால் கேசட்டும் கூடவே போய்விடும்; பிறகு புதுச் செயின் பழைய பற்களில் வழுக்கும், இரண்டையும் சேர்த்து வாங்க வேண்டும். வாட்டர் சர்வீஸ் கடையில் அழுத்தத் தண்ணீரைக் கிளட்ச் மீது நேராக அடிக்கவிடாதீர்கள். கிரீஸ் போய்த் துருப்பிடித்தால் கூண்டு கதவுக் கீல் மாதிரி கிறீச்சிடும், மாற்றமும் கனமாகும். மழைக்காலம் முடிந்ததும் கேபிளையும் உறையையும் மாற்றிவிடுவது மலிவான மருந்து.

பிரேக்கைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். எம்6100 இரண்டு பிஸ்டன், எம்6120 நான்கு பிஸ்டன். கிராஸ் கன்ட்ரிக்கு இரண்டே போதும், கனமான உடம்புக்கும் நீண்ட மலையிறக்கத்துக்கும் நான்கு. உள்ளே மினரல் ஆயில். வேறு வகைப் பிரேக்குகளில் ஊற்றும் டாட் திரவம் ஒரு துளி போனாலும் சீல்கள் கெடும். செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது டிஸ்க்கை மூடுங்கள்.

ரேஸ் நாள் பற்றி ஒரு வார்த்தை. உலக சைக்கிள் சங்கமான யூசிஐயின் விதிப்படி நடக்கும் கிராஸ் கன்ட்ரி ரேஸில் குறிப்பிட்ட உதவி மண்டலத்துக்கு வெளியே, உங்கள் அணியில் ரேஸ் ஓடும் வீரரைத் தவிர வேறு யாரும் உங்கள் வண்டியைச் சரிசெய்து தரக்கூடாது. ஹேங்கர் காட்டுக்குள் முறிந்தால் நீங்களே மாற்ற வேண்டும். பாக்கெட்டில் உங்கள் சட்டத்துக்கே உரிய ஒரு ஹேங்கர், 12 வேகக் குயிக் லிங்க் இரண்டு, செயின் வெட்டும் கருவி உள்ள சிறு மடக்குச் சாவி. ஹேங்கர் பல நூறு வடிவங்களில் வருகிறது, பக்கத்து ஆளுடையது பொருந்தாது. சைக்கிள் வாங்கும் அன்றே இரண்டு வாங்கிவிடுங்கள்.

ரேஸ் வேண்டாம், தினம் ஆபீஸுக்கும் ஞாயிறு காட்டுப்பாதைக்கும் ஒரே சைக்கிள் என்பவருக்கு 2023-இல் வந்த ஷிமானோ க்யூஸ் கியர் செட் பொருத்தம். பற்கள் தடிமன், எச்ஜி ஃபிரீஹப்பில் ஏறும், நீண்ட நாள் உழைக்கும். ஆனால் அதன் சாமான்களும் எம்6100 சாமான்களும் ஒன்றுக்கொன்று சேராது, கலக்க நினைக்காதீர்கள்.

ஷிமானோவின் மலைச் சைக்கிள் 12 வேகச் சாமான்களில் கேபிளால் இயங்குபவை தமக்குள் கலந்து ஓடும். கையில் கொஞ்சம் பணம் மிச்சமிருந்தால் ஷிஃப்டரை மட்டும் எக்ஸ்டி ஆக்குங்கள். விரல் தினமும் தொடும் இடம் அது, வித்தியாசம் முதல் வளைவிலேயே தெரியும். டெரெய்லர் கல்லில் அடிபடும், கேசட் தேயும். அவை இரண்டும் டியோராகவே இருக்கட்டும்.